பாக்கெட்டில் சிரிக்கிற மனுஷன்

விதைப் பாக்கெட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறவர் அவளுடைய புருஷன். கைக்கொரு மக்காச்சோளக் கதிர், தோளில் துண்டு, முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அச்சடித்தவன் அந்த இடைவெளியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆள் போய்ப் பத்து மாதம் ஆகிறது, பாக்கெட் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பாக்கெட்டைத் துணியால் துடைக்கிற வேலைக்குத்தான் விதைக்கடை முதலாளி அவளைத் தன் குடோனின் உள்ளறைக்கு அனுப்பியிருந்தார்.

துடைக்க வேண்டியது முகத்தை அல்ல. தாடையை ஒட்டினாற்போல, 'இந்தத் தேதிக்குள் விதைக்கவும்' என்ற வரிக்குக் கீழே குத்தியிருக்கும் தேதியை. பழைய துணியில் நாலு சொட்டு பெயிண்ட் தின்னர் விட்டு இரண்டு இழுப்பு இழுத்தால் தேதி போய்விடும். மூன்றாவது இழுப்புக்குத் தாடையும் வாயும் சேர்ந்து போய்விடும், மட்டமான அச்சு.

"பார்த்து இழுடி, புருஷன் வாயைத் துடைச்சிடாத" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்தவள். பன்னிரண்டு வருஷமாக அந்த அறையில் தின்னரை முகர்ந்து இருமிக்கொண்டிருப்பவள் என்பதால் குடோனில் அவளுக்குத் தின்னர் அக்கா என்றே பேர். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த பாக்கெட்டை எடுத்தாள்.

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. தகரக் கூரை, ஒரு டியூப் லைட், ஒரு நீள மேஜை, சுவரோரம் ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டி. அந்த அறைக்கு முதலாளி எல்லாரையும் விடமாட்டார். தன்னிடம் வசமாக மாட்டிக்கொண்டவர்களை மட்டும்தான் விடுவார். தின்னர் அக்காவின் வீட்டுப் பத்திரம் அவர் பீரோவில் இருந்தது. இவளுடையது பத்திரம் இல்லை, மகள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகளுக்கு முதலாளிதான் பீஸ் கட்டுகிறார். கட்டுகிறார் என்பதை ஊரில் ஆடு மாடு தவிர எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருக்கிறார். ஆறு மாதம் குடோன் வாசலைக் கூட்டி, சாக்குத் தைத்து, வாயைத் திறக்காத பொம்பளை என்று பேர் வாங்கிய பிறகு, இவளையும் உள்ளே அனுப்பினார்.

முதல் பாக்கெட்டைத் துடைத்ததும் அவள் கை நின்றுவிட்டது. வாசனை. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். போன வருஷம் விதைப்புக்கு முந்தின நாள் புருஷன் ஆறு பாக்கெட்டைத் தோளில் தூக்கி வந்து கூடத்தில் இறக்கினபோது வீடே இப்படித்தான் நாறியது. "என்னங்க, பெயிண்ட் நாத்தம் அடிக்குது?" என்று கேட்டாள். "புது பாக்கெட்டு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாக்கெட்டில் இருந்த தன் மூஞ்சியைத் தட்டிக் கொடுத்தார்.

அந்த மூஞ்சி பாக்கெட்டுக்கு வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். அந்த வருஷம் விதையும் நல்ல விதை, மழையும் சொன்ன நாளில் பெய்தது, அவர் போட்ட குத்தகை நிலத்தில் கதிர் முழங்கை நீளத்துக்கு விளைந்தது. முதலாளி கேமராக்காரனோடு வந்து இறங்கினார். கையில் இரண்டு கதிரைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார். பதிலுக்கு ஒரு மருந்தடிக்கிற மிஷின் இனாம். அன்றிலிருந்து ஊருக்குள் அவருக்குப் போட்டோ என்று பேர் வந்தது. "என்ன போட்டோ, ஃபிரேமை விட்டு வெளியே வந்திருக்க?" என்று டீக்கடையில் கிண்டல் பண்ணுவார்கள். அவரும் பல்லைக் காட்டுவார். உள்ளுக்குள் அந்த மனுஷனுக்கு எவ்வளவு பெருமை என்று அவளுக்குத்தான் தெரியும். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர். எந்தக் காகிதத்திலும் அவர் பேர் கிடையாது. பாக்கெட்டில் மட்டும் முகம் இருந்தது.

பெருமைதான் வினையாகப் போனது. அதற்கு முன்பெல்லாம் எந்தக் கொம்பன் விதை கொடுத்தாலும் நூறு மணியை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்து, நாலு நாள் கழித்துப் பிரித்து, எத்தனை முளைத்தது என்று பார்த்துவிட்டுத்தான் மண்ணில் கை வைப்பார். அவர் பழக்கம் மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். பாக்கெட்டில் முகம் வந்த பிறகு விட்டுவிட்டார். அவள்தான் ஒரு தடவை ஈரத்துணியை நீட்டினாள். "என் மூஞ்சி போட்ட பாக்கெட்டை நானே சந்தேகப்படறதா?" என்று சிரித்தார். அவர் விட்டதைப் பார்த்து ஊரும் விட்டது. போட்டோவே சுருட்டிப் பார்க்கவில்லை, நமக்கென்ன வந்தது என்று எல்லாரும் நேராகக் காட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

போன வருஷம் பத்துக் குழிக்கு மூன்று முளைத்தது. முதலாளியிடம் ஓடினார். "ஆழமாப் போட்டிருப்ப, ஈரம் பத்தியிருக்காது" என்று சொல்லி மறுபடியும் ஆறு பாக்கெட்டைக் கடனில் எழுதிக் கொடுத்தார் முதலாளி. விதையும் அவர் கடையில், உரமும் அவர் கடையில், விளைந்தால் வாங்கிக்கொள்கிறவரும் அவரே. குத்தகைக்காரனுக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கிறது? வாங்கி வந்து மறுபடி விதைத்தார். அதுவும் அதே லட்சணம்தான். அதற்குள் மழை போய்விட்டது, பருவமும் போய்விட்டது.

அவர் ஒருவர் காடு மட்டும் என்றால் தாங்கியிருப்பார். ஊரில் பதினெட்டுப் பேர் காடு அப்படிக் கிடந்தது. பதினெட்டுப் பேரும் வாசலுக்கு வந்தார்கள். "உன் மூஞ்சியப் பார்த்துத்தானேய்யா வாங்கினோம்" என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. கூடப்பிறந்த தம்பி, அவள் கையால் எத்தனையோ வேளை சாப்பிட்ட கொழுந்தன், அத்தனை பேர் நடுவில் நின்று கேட்டான்: "பல்லைக் காட்டிட்டு நின்னியே, எவ்வளவு வாங்கின?" புருஷன் உள்ளே போய் அந்த மருந்தடிக்கிற மிஷினைத் தூக்கிவந்து தெருவில் வைத்தார். யாரும் அதை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவரைக் காட்டுக் கொட்டகையில் கண்டார்கள். போன வருஷம், எட்டாம் மாதம், பதினேழாம் தேதி.

அன்றைக்கு முதலாளி கார் எடுத்துக்கொண்டு ஓடி வந்ததை இப்போது நினைத்தாலும் அவளுக்கு வயிறு எரியும். எவ்வளவு பாசம். "தங்கச்சி, கடன், விதைன்னு காரணம் எழுதினா போலீஸ்காரன் நாலு நாளைக்கு உடம்பைக் கொடுக்க மாட்டான். வயித்து வலின்னு எழுதிடுவோம், நான் பேசிக்கறேன்" என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், காகிதத்தை நீட்டி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். தீராத வயிற்று வலி என்று எழுதியிருந்தது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அந்த மனுஷனுக்கு. அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு விவசாயி குடும்பத்துக்கு உதவித்தொகை என்று ஆபீஸில் போய் நின்றபோது, "வயித்து வலிக்கெல்லாம் கிடையாதும்மா. அதோட உங்க வீட்டுக்காரர் பேர்ல நிலமே இல்லை, அவர் விவசாயின்னு யார் சொன்னது?" என்று கேட்டான் ஒருத்தன். பாக்கெட் சொல்கிறதே என்று சொல்ல நினைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். புருஷன் காலிப் பாக்கெட்டை வீசுகிறவர் இல்லை. ஒன்றில் ரேஷன் கார்டு, குத்தகைச் சீட்டு எல்லாம் போட்டு மடித்து வைத்திருந்தார். சாமான்களைக் கொட்டிவிட்டுப் பாக்கெட்டை மகளிடம் கொடுத்தாள்.

"லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பிடி. தேதிக்கு அடியில ஏதாச்சும் தெரியுதா?"

மகள் சாய்த்துப் பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். பிறகு பாக்கெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மை போனாலும் சீல் பதிந்த தடம் போகவில்லை. "அம்மா, இதுக்கு அடியில இன்னொரு தேதி இருக்கு. அதுக்கு முந்தின வருஷம்." கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கும் அடியில ஒண்ணு இருக்கும்மா" என்றாள்.

இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அழவில்லை. அழுகையெல்லாம் பத்து மாதத்தில் தீர்ந்துபோயிருந்தது. இப்போது வந்தது வேறு. மூன்று வருஷம் தகர ஷெட்டின் வெக்கையில் கிடந்து வெந்த விதையைக் கொடுத்துவிட்டு, ஆழமாகப் போட்டாய் என்று அவர் மேலேயே பழியைப் போட்டானே என்று அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. தன் கைதான் தப்புச் செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார் அந்த மனுஷன்.

யாரிடமாவது புகார் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் நினைக்காமல் இல்லை. நாலாம் நாள் விதை ஆய்வாளர் குடோனுக்கே வந்தார். முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தார். முதலாளி காட்டிய புதுமூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளறைக் கதவு அவருக்கு நேராகத்தான் இருந்தது. அந்தக் கதவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் நாலாயிரம் பாக்கெட்டும் துடைத்தாகிவிட்டது. அடுத்தது புதுத் தேதி குத்த வேண்டும். தின்னர் அக்காவுக்குக் கை நடுக்கம், சீல் கோணலாக விழும். குடோன் மேனேஜர் இரண்டு பேர் கையையும் பார்த்துவிட்டு, தேதி சீலை இவளிடம் கொடுத்தார். ரப்பர் எண்கள் சுற்றுகிற சின்ன சீல். நாள், மாதம், வருஷம் மூன்றையும் விரலால் உருட்டிச் சரிசெய்துகொள்ளலாம். அடுத்த வருஷத்துத் தேதியை வைத்துக் கொடுத்து, "இருபத்தஞ்சு பாக்கெட்டு ஒரு பெட்டி. குத்திக் குத்தி அடுக்கிக்கோ. பெட்டிக்கு மேல் பாக்கெட்டை நான் பார்த்துட்டு டேப் ஒட்டுவேன்" என்றார்.

மேல் பாக்கெட்டை மட்டும்தான் பார்ப்பார். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் என்று தின்னர் அக்கா சொல்லியிருக்கிறாள். குனிந்து கீழே பார்த்தால் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

அவள் சீலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மனசில் ஊர் நன்மை, நியாயம், தர்மம் ஒன்றும் இல்லை. பொய் எதற்கு? அந்த ஆள் கூனிக்குறுகி நிற்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் இருந்தது. தன் புருஷன் வாசலில் நின்ற மாதிரி, அத்தனை பேர் நடுவில், பதில் இல்லாமல் நிற்க வேண்டும்.

கட்டைவிரலால் நாளை உருட்டினாள். பதினேழு. மாதத்தை உருட்டினாள். எட்டு. வருஷத்தைப் பின்னால் உருட்டினாள். மையில் ஒற்றி முதல் பாக்கெட்டில் குத்தினாள். 'இந்தத் தேதிக்குள் விதைக்கவும்' என்பதற்குக் கீழே, புருஷனின் தாடைக்குப் பக்கத்தில், அவர் போன நாள் கறுப்பாக உட்கார்ந்தது. இருபத்துநாலு பாக்கெட் அப்படிக் குத்தி அடுக்கிவிட்டு, சீலைத் திரும்ப உருட்டி, இருபத்தைந்தாவதற்கு மேனேஜர் தேதியைக் குத்தி மேலே வைத்தாள். மேனேஜர் வந்தார், மேலே பார்த்தார், டேப் ஒட்டினார்.

எதிரே தின்னர் அக்கா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். இரண்டாவது பெட்டிக்குச் சீலை உருட்டும்போது இவள் நிமிர்ந்தாள். அக்கா இருமினாள், தொண்டையைச் செருமினாள்.

"எனக்குக் கண்ணு சரியில்லடி. நம்பரெல்லாம் தெரியாது" என்றாள். பிறகு தன் முக்காலியை நகர்த்தி, கதவிலிருந்து பார்த்தால் இவள் கை தெரியாதபடி உட்கார்ந்துகொண்டாள். தேதி குத்தி முடிகிற வரை பத்து நாளும் அங்கேயேதான் உட்கார்ந்தாள்.

விற்பனை தொடங்குகிற நாளைக்கு முந்தின நாள் முதலாளி அவளைக் கூப்பிட்டுவிட்டார். "தங்கச்சி, நாளைக்குக் கடையில நீ வந்து உட்காரணும். போட்டோ சம்சாரம் கையால முதல் பாக்கெட்டு கொடுத்தா ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும். போன வருஷம் கொஞ்சம் மனஸ்தாபம் பாரு." கொஞ்சம் மனஸ்தாபமாம். அவள் தலையை ஆட்டினாள். வாய்ப்பு இப்படித் தானாகக் காலில் வந்து விழும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

காலையில் மகளுக்குத் தலை சீவிவிடும்போது கேட்டாள். "நாளையில இருந்து பீஸ் கட்ட ஆளு இல்லேன்னா என்ன பண்ணுவ?"

மகள் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். "என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"படிப்பு நின்னா நிக்கட்டும். நான் வேலைக்குப் போறேன், அப்புறம் படிச்சுக்கறேன். அந்தாளு பீஸ்ல படிக்கிற புஸ்தகத்தைத் தொட்டாலே எனக்கு உன் கை தின்னர் நாத்தம்தான் அடிக்குது." பிறகு, "நானும் வரேன்" என்றாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடை வாசலில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். போன வருஷம் ஏமாந்தவர்களும் நின்றார்கள். வேறு எங்கே போவார்கள்? அந்தச் சுற்று வட்டாரத்தில் கடன் கொடுக்கிற கடை அது ஒன்றுதான். புருஷனின் படத்தை ஆள் உயரத்துக்கு வாசலில் நிறுத்திவைத்து, பக்கத்தில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்து நின்று, போட்டோ எப்படிப்பட்ட விவசாயி, அந்தக் குடும்பத்தைத் தான் எப்படித் தாங்குகிறேன், பொண்ணுக்கு யார் பீஸ் கட்டுகிறார்கள் என்று ஒரு பாட்டம் பேசினார். பாவம், ஆயுசு பத்தவில்லை, வயிற்று வலி என்று சொல்லி முடித்தார். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

பெட்டியைப் பிரித்தார்கள். முதல் பாக்கெட், மேனேஜர் தேதி போட்டது, வரிசையில் முதலில் நின்ற பெரியவருக்குப் போனது. அவர் வாங்கித் தேதியைப் பார்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டாவது ஆள் அவள் கொழுந்தன். அண்ணன் செத்த பிறகு இந்தப் பத்து மாதத்தில் அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. இப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினான்.

பாக்கெட்டை அவன் கையில் வைத்தவள், பிடியை விடவில்லை. "தேதியப் பார்த்து வாங்கு" என்றாள்.

அவன் பார்த்தான். உதடு அசைந்தது. "பதினேழு... எட்டு..." வருஷத்தை அவன் வாய் சொல்லவில்லை. "அண்ணி, இது அண்ணன்..." என்று ஆரம்பித்துவிட்டு நின்றான்.

"என்னப்பா, என்ன?" என்று பின்னால் நின்றவன் எட்டிப் பாக்கெட்டை வாங்கினான். "யோவ், இது போன வருஷமே காலாவதிய்யா" என்று சத்தமாகச் சொன்னான். அதற்குள் நாலைந்து பேர் பெட்டிக்குள் கை விட்டுவிட்டார்கள். எல்லாப் பாக்கெட்டிலும் அதே தேதி. அடுத்த பெட்டியைக் கிழித்தார்கள், அதிலும் அதே தேதி. அந்த ஊரில் அந்தத் தேதி யாருக்கும் மறந்திருக்கவில்லை.

முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பாக்கெட்டைப் பார்த்ததும் ஒரு கணம் ஆடிப்போனார், உடனே சுதாரித்துச் சிரித்தார். "அட, சீல் மாறிப்போச்சுப்பா. பொம்பளைங்க வேலை, எங்கேயோ பராக்குப் பார்த்துக்கிட்டுக் குத்திடுச்சுங்க. இதுக்குப் போய் என்ன கூச்சல்? இது என்ன கல்வெட்டா? ஒரு நிமிஷ வேலை."

சொல்லிக்கொண்டே கல்லாவுக்குக் கீழே கையை விட்டுத் தின்னர் பாட்டிலையும் துணியையும் எடுத்தார். யோசித்துச் செய்ததில்லை. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. நூறு பேர் பார்க்க மேஜையில் பாக்கெட்டை வைத்து, துணியை நனைத்து, ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு இழுத்தார். தேதி போய்விட்டது. பதற்றத்தில் மூன்றாவதும் இழுத்தார். புருஷனின் தாடையும் வாயும் அந்தப் பல் இடைவெளியும் துணியோடு போய்விட்டன.

"பாத்தீங்களா, அவ்வளவுதான்" என்று நிமிர்ந்தபோதுதான் கடையில் ஒரு சத்தமும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

முதல் பாக்கெட்டை வாங்கின பெரியவர் கேட்டார். "அப்போ போன வருஷம் எத்தனை நிமிஷ வேலை, முதலாளி?"

அவர் வாயைத் திறந்தார். பதில் வரவில்லை. பெரியவர் கக்கத்தில் இருந்த தன் பாக்கெட்டை எடுத்து வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். மகள் அவர் பக்கத்தில் போய் நின்று, "இப்படிப் பிடிங்க. அடியில ஒண்ணு தெரியும், அதுக்கும் அடியில இன்னொண்ணு" என்று காட்டிக்கொடுத்தாள். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் காலிப் பாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து அடுத்தவரிடம் கொடுத்தாள். அது கை மாறிக் கை மாறிப் போனது.

முதலாளி அவள் பக்கம் குனிந்தார். குரல் பல்லுக்கு நடுவில் வந்தது. "தங்கச்சி, உன் பொண்ணு படிப்பை நினைச்சுப் பார்த்தியா?"

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். எல்லாருக்கும் கேட்கிறபடி பேசினாள். "நாலாயிரம் பாக்கெட்டுலயும் நான்தான் குத்தினேன், பராக்குப் பார்த்துக் குத்தலை. அவருக்கு ஒரு நாளும் வயிறு வலிச்சதில்லை. அப்படி எழுதின காகிதத்துல என்னைக் கையெழுத்துப் போட வச்சீங்களே, அதைத் துடைங்க முதலாளி. உங்ககிட்டத்தான் தின்னர் இருக்கே."

அவர் பின்னால் நகர்ந்தார். நகர்ந்தால் சுவர். உள்ளே ஓட வழியில்லை, ஆட்கள் கல்லாவைச் சுற்றி வந்துவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. பதினெட்டுப் பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் அவர் முகத்துக்கு நேராகப் பாக்கெட்டைப் பிடித்து, இது எந்த வருஷத்து விதை என்று மட்டும் கேட்டார்கள். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. உட்கார இடம் தேடி அவளுக்குப் போட்டிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் ஆள் உயரத்தில் நின்று புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இனித்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

பெரியவர் சொல்ல, பெட்டிகளை டிராக்டரில் ஏற்றினார்கள். ஆய்வாளர் ஆபீஸுக்கு இல்லை, அவருக்கு மேலே இருக்கிறவர் ஆபீஸுக்கு. தின்னர் பாட்டிலையும் துணியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். தின்னர் அக்கா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, டிராக்டரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தாள். "பன்னிரண்டு வருஷம் துடைச்சது நான், நான்தான் சொல்லணும்" என்று இருமலுக்கு நடுவே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் போன பிறகும் கொழுந்தன் போகவில்லை. அவள் எதிரில் வந்து நின்றான். கடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எவ்வளவு வாங்கினன்னு கேட்டேனே, பாவி. என்னை மன்னிச்சிடுங்க அண்ணி."

மேஜை மேல் முதலாளி துடைத்த பாக்கெட் மட்டும் மிஞ்சியிருந்தது. கண் இரண்டும் இருந்தன, கையில் கதிர் இருந்தது. மூக்குக்குக் கீழே வெறும் வெள்ளை. அதை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"என்னை எதுக்குக் கேட்கற? உங்க அண்ணனைக் கேளு" என்றாள்.

அவன் பாக்கெட்டைப் பார்த்தான். வாய் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் மகளைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.